பிடரியில் ஓர் அடி

முப்பது வருஷம் மேடையில் ஜனங்களைச் சிரிக்க வைத்த தொகாஷி, இப்போது தோக்கியோவில் நாடாளுமன்ற உறுப்பினர். அந்த நாட்களில் அவர் வாய் கூசாமல் புளுகுவார், கூட்டாளி கசுமா "புளுகாதேடா!" என்று பிடரியில் ஒன்று போடுவான். அரங்கம் குலுங்கும். கசுமா செத்து மூன்று வருஷமாகிறது.

அன்று கட்சித் தலைவர் ஒரு தாளை நீட்டினார். "இதை மட்டும் வாசிச்சிடுங்க தொகாஷி. சிரிப்பு கிரிப்பு வேண்டாம். அடுத்த வாரம் நீங்கதான் மந்திரி."

தொகாஷி பிறந்த தீவில் இருக்கிற ஒரே ஆஸ்பத்திரியை மூடுவதற்கான பேச்சு அது.

"தீவு மக்களே மூடச் சொல்லிக் கேட்கிறார்கள்" என்று அவையில் எழுந்து வாசித்தார். கசுமா குள்ளம், அவன் கை எட்டட்டும் என்று குனிந்தே பழகிய கழுத்து தானாகக் குனிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. மேலே படிக்கச் சொல்லித் தலைவர் சைகை காட்டினார்.

"இதனால் ஓர் உயிரும் போகாது."

பளீரென்று பிடரியில் விழுந்தது அடி. மூக்குக்கண்ணாடி தெறித்துத் தாளின் மேல் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"டேய், இங்க வேணாம்டா," என்று தொகாஷி உதட்டை அசைக்காமல் கெஞ்சினார். "இன்னும் நாலே வரி. அப்புறம் நான் மந்திரிடா."

"உறுப்பினர் அவர்களே," என்றார் சபாநாயகர், அலுப்போடு. "பக்கத்தில் நிற்பவர் பெயரைச் சொல்லுங்கள். அவைக்குறிப்பில் ஏற்ற வேண்டும்."

தலைவர் பாதி எழுந்துவிட்டார். தொகாஷி பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. தாளை நான்காக மடித்தார். ஓரடி தள்ளி நின்றுகொண்டு, மைக்கை ஒரு சாண் கீழே இறக்கினார்.