குவியல் மேல் ஒரு துண்டு

அனுமந்தைக் கரையில் நெத்திலியை முகர்ந்துவிட்டு நான் உதட்டைப் பிதுக்கியபோது, ஐம்பதடி பின்னால் கட்டுமரத்தின் மறைவில் ஒரு தும்மல் கேட்டது.

தனசேகரன்தான். பொடி போட்டுப் போட்டு மூக்கைத் தொலைத்த ஆள். செஞ்சிச் சந்தையில் கருவாடு விற்கிறவனுக்கு மூக்கு இல்லாவிட்டால் என்ன, அடுத்தவன் மூக்கு இருக்கிறதே.

காலையில் மரக்காணத்தில் நான் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து பின்னாலேயே வருகிறான். அவனுக்காக ஒரு மாட்டுவண்டி ரோட்டோரமாக ஊர்ந்துகொண்டிருக்கிறது.

நான் நடந்தேன். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் தாழம்புதர், குப்பத்துக்குக் குப்பம் வெள்ளியாய்க் காயும் மீன். அழகுதான். புதுச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சுடுமணலில் தத்தித் தத்தி வந்த தனசேகரன் அதைவிட அழகு.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். பிடித்த குவியல் மேல் துண்டைப் போட்டுவிட்டால் சரக்கு துண்டுக்காரனுடையது. கூடப்பிறந்தவனே ஆனாலும் தொட மாட்டான்.

போன வருஷம், அறுபத்தாறு ஆனியில், நான் துண்டைப் போட்டுவிட்டுக் கால் கழுவப் போன நேரத்தில் தனசேகரன் அதை மணலில் வீசிவிட்டுத் தன் துண்டைப் போட்டான். கேட்டதற்குச் சிரித்தான்.

"காத்துல பறந்துடுச்சுப்பா காஸ்பரு. நான் இன்னா பண்ணட்டும்?"

ஆடிக் கூழுக்குக் கருவாட்டுக் குழம்பு வைக்காத தெரு செஞ்சியில் கிடையாது. அந்த ஆடி முழுக்க நான் வெறுங்கூடையோடு உட்கார்ந்திருக்க, இருபது வருஷ வாடிக்கைக்காரிகள் என்னைத் தாண்டி அவனிடம் போனார்கள். ஒருத்தி மட்டும் நின்று, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

அதுதான் இன்னும் எரிகிறது.

கூனிமேட்டைத் தாண்டி ஒரு குப்பத்தில், பொழுது சாயும் நேரம், கருவாடு காயவைத்து விற்கும் பவுனம்மாளின் குவியல் முன்னால் நின்றேன். கிள்ளினேன். முகர்ந்தேன். உருக்கின நெய்யை முகர்கிறவன் போலக் கண்ணை மூடினேன்.

துண்டைப் போட்டுவிட்டுக் கடலுக்குப் போனேன். விரல் விரலாகக் காலைக் கழுவினேன். அலையைப் பார்த்துக்கொண்டு ஒரு சுருட்டு முழுதும் பிடித்தேன்.

திரும்பி வந்தபோது குவியல் இல்லை. வண்டி சவுக்குத் தோப்புக்குள் மறைந்துகொண்டிருந்தது.

நாளைக் காலை வந்த வழியே திரும்பி நடப்பேன். இன்று உதட்டைப் பிதுக்கிய நல்ல சரக்கெல்லாம் அங்கங்கே அப்படியே இருக்கும்.

பவுனம்மாள் மணலில் கிடந்த என் துண்டை எடுத்து உதறினாள்.

"போன வாரம் மழையில நனைஞ்சுதுன்னு நீ இங்க போட்டுட்டுப் போன எட்டு மூட்டையும் வாரிக்கினு போயிட்டாருண்ணா. ஆடி வெள்ளிக்குள்ள புழு வச்சிடும். யாரு சரக்குன்னு அவரு திரும்பி வந்து கேட்டா இன்னா சொல்றது?"

துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.

"காத்து கொண்டாந்து போட்டுச்சுன்னு சொல்லு."