நூல்வழி வந்த ரகசியம்

"ஏலே, நூல்ல சாயாதீயலே! தொட்டா பேச்சு அங்கனயே செத்துரும்!" என்று கத்தியபடி இசக்கியம்மாள் பின்னுக்கு நகர்ந்து நூலை விறைப்பாக இழுக்கிறாள். ராஜபாளையத்து ஆரம்பப் பள்ளி மைதானத்தில் ஐந்தாம் வகுப்பே அவளைச் சுற்றி நிற்கிறது. அவள் காதில் இருப்பது பஞ்சாலையில் நூல் தீர்ந்துபோன காகிதக் கோன். அதன் அகன்ற வாயில் பட்டத்தாள் ஒட்டி, நடுவில் நூலைக் கோத்திருக்கிறது. மறுமுனையில், தூரத்து வேப்பமரத்தடியில், பொன்னுராஜ் சார் இன்னொரு கோனை வாயருகே பிடித்திருக்கிறார். அவர் முணுமுணுப்பதை இவள் அப்படியே திருப்பிச் சொன்னால் ஸ்ரீவில்லிபுத்தூர் அறிவியல் கண்காட்சிக்கு அவள் செய்த இந்த நூல் டெலிபோன் போகும். தவறினால் அவள் வகுப்பு ஐயாதுரை செய்த டார்ச் விளக்கு போகும். "சார் எப்பவும் சொல்லுதது 'கையைக் கட்டு'தான். கேக்காமலே சொல்லிருவா," என்று ஐயாதுரை இளிக்கிறான். வெயிலில் மின்னும் நூல் மெல்ல அதிர்கிறது. முதலில் குளவியின் ரீங்காரம்; அப்புறம் காதோரம் உட்கார்ந்து பேசுவது போலச் சாரின் குரல். இசக்கியம்மாளின் புருவம் ஏறுகிறது. "என்னட்டி சொன்னாரு?" ஐயாதுரையின் கை விளக்கை இறுக்குகிறது. அவள் கோனை வாய்க்குக் கொண்டுபோய், "எல்லாருக்கும் சொல்லிரட்டா சார்?" என்று கிசுகிசுக்கிறாள். மரத்தடியில் சார் அசடு வழியத் தலையாட்டுகிறார். அவள் நிமிர்ந்து மைதானமே கேட்கச் சொல்கிறாள்: "சார் இன்னைக்குச் சோத்துத் தூக்குவாளியை பஸ்சுலயே விட்டுட்டு வந்துட்டாராம்!"