கீழ் வீடு

முட்டி போட்டதும் இவள் கை இடுப்புக்குப் போனது.

துடைக்கிற துணி இல்லை. பேனாதான் இருந்தது.

சாம்பல் நிறச் சேலை. ஹோட்டலில் சூப்பர்வைசர்களுக்கு மட்டும் கொடுப்பது. கட்டத் தொடங்கி இருபது நாள் ஆகிறது. மடிப்பில் குத்தியிருந்த ஊக்கு வயிற்றில் உறுத்தியது.

கன்னத்தைத் தரையோடு வைத்துக் கட்டிலுக்கு அடியில் பார்த்தாள்.

தூசி. ஒரு சுருள் முடி. சுவரோரம் நீல நிறத்தில் ஒரு பாட்டில் மூடி.

அறையில் தங்கியவர் விட்டுப்போனது இல்லை அது. மேனேஜர் வைத்தது.

தினமும் காலையில் ஆட்கள் காலி செய்து போனதும் ஏதாவது மூன்று அறைகளில் இப்படி மூன்று மூடி போட்டு வைப்பார். எந்த அறை என்று சொல்ல மாட்டார். துடைக்கிறவள் கண்டெடுத்து மதியத்துக்குள் அவர் மேசையில் வைத்துவிட வேண்டும். வைக்காவிட்டால் குறைச் சீட்டு. சீட்டை எழுத வேண்டியது அந்த மாடி சூப்பர்வைசர். மூன்று சீட்டு சேர்ந்தால் வேலை இல்லை.

சூப்பர்வைசரும் பார்க்காமல் விட்டால் சாம்பல் சேலையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மறுபடி துடைக்கப் போக வேண்டும்.

இந்த அறையைத் துடைத்தது அக்கா.

அக்காவுக்கு ஏற்கெனவே இரண்டு சீட்டு. இரண்டும் இந்த இருபது நாளில் வந்தவை. அப்போது அக்கா மூன்றாம் மாடி. எழுதியது வேறு ஆள்.

நேற்றுத்தான் நான்காம் மாடிக்கு மாற்றினார்கள். இவளுடைய மாடிக்கு.

அக்கா கதவோரம் நின்றாள். மடித்த துண்டுகளை மார்போடு அணைத்திருந்தாள்.

ஒன்பது வருஷம் இருவரும் ஒரே வண்டியைத் தள்ளினார்கள். அக்கா முட்டி மடங்காதவள். அதனால் கட்டில், தலையணை, மேசை, கண்ணாடி எல்லாம் அக்கா. தரையும் கக்கூசும் இவள். யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை. அப்படியே அமைந்துவிட்டது.

மேலே இருப்பது மேல் வீடு, கீழே இருப்பது கீழ் வீடு. அக்கா வைத்த பெயர்.

விரிப்பை உதறிக்கொண்டே கேட்பாள், கீழ் வீட்டில் என்ன விசேஷம் என்று. இவள் கட்டிலடியில் கிடந்தபடி, ஒற்றைச் சாக்ஸ் ஒன்று குடியிருக்கிறது, காலி செய்ய மாட்டேன் என்கிறது என்பாள். அக்கா சிரிக்கிற சிரிப்பில் கட்டில் ஆடும்.

கட்டில் தாழ்வு. மாப் நுழையாது. கைதான் நுழையும்.

இவள் சூப்பர்வைசராகி மேலே போனாள். இவள் இடத்துக்கு ஆள் போடவில்லை. மேல் வீடும் கீழ் வீடும் இப்போது அக்கா ஒருத்திதான்.

கையை நீட்டி மூடியை எடுத்தாள். எழும்போது முட்டி சொடுக்கியது. முப்பத்தாறு வயது. போன வருஷமே சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. அது கேட்ட பிறகுதான் சூப்பர்வைசர் வேலைக்கு எழுதிப் போட்டாள். மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் என்றார்கள்.

கட்டிலைப் பார்த்தாள். விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. தலையணைகள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தன. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

மூடியை அக்காவிடம் நீட்டினாள்.

இதைக் கொண்டுபோய் மேசையில் வைத்தால் போதும். தூசியை இவள் ஒரு நிமிஷத்தில் கையாலேயே வழித்துவிடுவாள். சூப்பர்வைசர் துணியைத் தொடக் கூடாது என்று மேனேஜர் முதல் நாளே சொல்லியிருந்தார். கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா மூடியைப் பார்த்தாள். வாங்கவில்லை.

“இன்னைக்கு நீ எடுத்துக் குடுத்துருவ கண்ணு. நாளைக்கு யாரு குனியறது?”

ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வராண்டாவில் யாரோ வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு சக்கரம் கீச்சிட்டது. அது இவர்களுடைய பழைய வண்டி. அந்தச் சக்கரம் ஒன்பது வருஷமாகக் கீச்சிடுகிறது.

இவள் நீட்டிய கையை மடக்கவில்லை.

“எழுதுங்க மேடம்.”

கோபம் இல்லை. குத்தலும் இல்லை. தண்ணீர் குடிச்சாச்சா என்று கேட்பதுபோல இருந்தது.

மூடி இவள் கையிலேயே இருந்தது. உள்ளங்கையில் தூசி. துடைக்கப் போனவள் சேலையின் நிறத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

சீட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். மேசைமேல் வைத்தாள். மேசையும் பளிச்சென்று இருந்தது.

தேதி எழுதினாள்.

அறை எண் எழுதினாள். நானூற்றுப் பன்னிரண்டு.

குறை என்ற இடத்தில் ‘கட்டிலுக்கு அடியில்’ என்று எழுதினாள். அதற்குமேல் எழுத ஒன்றும் தோன்றவில்லை. அதுவே போதும்.

அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

பணியாளர் பெயர்.

ஒன்பது வருஷமாக அக்கா. மற்றவர்களுக்கும் அக்காதான். மேனேஜருக்கு ஏழாம் நம்பர். வேலைப் பட்டியலிலும் ஏழு.

நிமிர்ந்து பார்த்தாள். அக்காவின் பெயர் இவளுக்குத் தெரியாது.

அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

மார்போடு அணைத்திருந்த துண்டுகளை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். நீலச் சீருடைக் கோட்டில் குத்தியிருந்த பெயர் பேட்ஜ் வெளியே வந்தது. சற்றுச் சாய்ந்திருந்தது. அதை விரலால் நேராக்கினாள்.

கே. மருதாத்தாள்.

எழுத்து பொடி. இந்தத் தூரத்திலிருந்து இவளுக்குச் சரியாகத் தெரியவில்லை.

அக்கா ஓர் அடி முன்னால் வந்து நின்றாள்.