பதினேழாம் துண்டு

நில அலுவலகக் கூடத்தில் மின்விசிறி சுற்றுகிறது, காற்றைத்தான் காணோம். ஒன்பது வருடமாக அவளும் கணவனும் குத்தகைக்குப் பயிரிடும் அரசு நிலம், பதினேழாம் துண்டு, இன்று விற்பனைக்கு வருகிறது. துண்டின் எண்ணைக் கூப்பிடும்போது குத்தகைக்காரர் எழுந்து நின்றால் அவருக்கே முதல் உரிமை. குத்தகைப் பத்திரத்தை நகல் எடுக்கப் போன கணவன் இன்னும் வரவில்லை, கைபேசியையும் எடுக்கவில்லை. அவள் பையின் வாரை முறுக்குகிறாள், வாசலைப் பார்க்கிறாள், மறுபடி முறுக்குகிறாள். "பதினேழாம் துண்டு!" எழுத்தர் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறார். பின்வரிசையில் யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள். "யாரும் இல்லையா? ஏலத்துல விட்டுடலாமா?" அவள் சட்டென்று எழுந்துவிடுகிறாள். "இருக்கேன் சார்." "குத்தகை உங்க வீட்டுக்காரர் பேர்லதானே இருக்கு?" "பேருதான் சார் அவரோடது. உழுறது நான்." யாரோ சிரிக்கிறார்கள். எழுத்தர் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்து, "உங்க பேரைச் சொல்லுங்கம்மா" என்கிறார்.