கேப்டனின் முகம்

"இந்தக் கறுப்பு முகத்தையா கேப்டனாப் போட்டிருக்கே?" புது வீடியோ கேமின் படத்தைப் பார்த்த மேனேஜர் ஓவியரிடம் கேட்டார்.

"ஆமா சார்," என்றாள் அவள்.

"ஏழு வருஷமா கறுப்பு நிறம், சுருட்டை முடின்னு திருடனுங்களா வரைஞ்சு தள்ளினது நீதானே? யாராவது புகார் குடுத்துட்டாங்களா?"

"இல்ல சார். போன மாசம் என் பொண்ணுக்கு மூச்சுத்திணறல் வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன். டாக்டரைப் பார்த்ததும், 'அம்மா, திருடன்!'னு அலறி அவர் கையைக் கடிச்சிட்டா. நான் வரைஞ்ச முகம் சார் அது!"

மேனேஜர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"அவர் கோவிச்சுக்கவே இல்ல. கடிபட்ட கையாலயே என் பொண்ணைக் காப்பாத்திக் குடுத்தார். அவர் காலைத் தொடாத குறையா நன்றி சொன்னேன். திருடனை வரைஞ்சது நான்தான்னும் சொல்லிட்டேன்."

"திட்டினாரா?"

"சிரிச்சார் சார். 'என் பையனும் உங்க கேம்தான் ஆடறான். எப்பவும் வெள்ளை முகத்தைத்தான் எடுத்துக்கறான்'னார்."

மேனேஜர் படத்தைத் தன் பக்கம் இழுத்து, பேனாவை எடுத்து ஒப்புதல் கையெழுத்தைப் போட்டார்.

"கேம் வெளியானதும் முதல்ல அந்தப் பையனுக்குக் கொண்டுபோய்க் குடும்மா. நானும் கூட வர்றேன்."