தெருவின் மூக்கு

“நீங்களே மோந்து பாத்துச் சொல்லுங்கக்கா. நாறுதா, இல்லியா?”

மாடியின் நடுவில் நின்று கருப்பண்ணன் கேட்டார். வசந்தாமணி ‘இல்லை’ என்று சொன்னால் செடித் தொட்டிகள் இருக்கும். ‘ஆமாம்’ என்றால் மாடி காலி.

வீட்டுச் சொந்தக்காரரான அவருக்கே மூக்கு இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, நல்ல பெரிய மூக்கு. ஆனால் ஊருக்கு வெளியே கோழிப்பண்ணை வைத்திருப்பவர். கோழி எரு நாற்றத்தை அந்த மூக்கு எப்போதோ தலைமுழுகிவிட்டது.

தொட்டிகளை வைத்திருக்கும் வாடகைக்காரர் சென்னிமலையைக் கேட்டால், “மண் வாசமுங்க” என்பார்.

அதனால்தான் பக்கத்து வீட்டு வசந்தாமணிக்கு அழைப்பு. அடுப்பில் பாலைச் சிம்மில் வைத்துவிட்டு அவள் படியேறி வந்திருந்தாள். இப்படியோர் அழைப்பு வந்தால் முந்தானையைச் செருகிக்கொள்ளும் நேரம்கூடத் தாமதிக்கிற ஆள் இல்லை.

நாமக்கல்லில் அந்தத் தெருவில், அவள் மூக்குக்குத் தெரியாமல் யாரும் கருவாடு வறுக்க முடியாது. புரட்டாசிச் சனிக்கிழமையில் எதிர்வீட்டில் ஆம்லெட் போட்டதை வாசலில் நின்றபடியே கண்டுபிடித்தவள். அந்த வீட்டு மருமகள் இன்றுவரை அவளோடு பேசுவதில்லை. அதற்குப் பிறகு சில புரட்டாசிகள் போய்விட்டன. பேர் மட்டும் போகவில்லை.

எரு நாறுகிறது என்று கருப்பண்ணனுக்குப் போன் போட்டவளும் அவளேதான். கீழ்ப் போர்ஷன் ஜெயப்பிரியா துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள். பார்த்த வசந்தாமணியும் பொத்திக்கொண்டாள். இன்னொரு கை போனை எடுத்தது.

சும்மா சொல்லக் கூடாது, சென்னிமலையும் லேசுப்பட்டவர் இல்லை. லாரி பாடி கட்டும் பட்டறையிலிருந்து நின்றதும் மாடியில் ஆப்பிள் நட்டார். நாமக்கல்லில்! சித்திரை வெயிலில் அது அப்பளமானது. அடுத்து ஸ்ட்ராபெர்ரி. அதற்குச் சித்திரைகூடத் தேவைப்படவில்லை, மாசியிலேயே போய்ச் சேர்ந்தது. இந்த இரண்டு கதைகளையும் வசந்தாமணி தெருவுக்கு மாசக்கணக்கில் பரிமாறினாள்.

அப்புறம்தான் அவருக்குப் புத்தி வந்தது. இந்த வெயிலுக்கு எது நிற்குமோ அதை வைத்தார். கொத்தவரை, கத்தரி, செண்டுமல்லி, பச்சை வலைக்கடியில் ஒரு மனோரஞ்சிதம். எல்லாம் கிடுகிடுவென்று வந்தன. ஆசை மிஞ்சி, மட்காத கோழி எருவை வாங்கி அப்படியே கொட்டினார். செடிகளும் வாடின, தெருவும் வாடியது.

மனைவி போன பிறகு அவருக்கு இந்தத் தொட்டிகளை விட்டால் நாதியில்லை என்பதும் வசந்தாமணிக்குத் தெரியும். விடியலில் செடிகளோடு அவர் பேசுவது அவள் சமையலறை ஜன்னலுக்குக் கேட்கும். அதையும் ஒருமுறை தெருவில் சொல்லப் போய், என்னவோ நினைத்து விட்டுவிட்டாள்.

“அந்த எருவையெல்லாம் அள்ளிப்போட்டுட்டு மக்கினதத்தான் போட்டிருக்கேனுங்க,” என்று சென்னிமலை ஒரு பிடி மண்ணை நீட்டினார். மறு கையால், மஞ்சளாகப் பழுத்திருந்த ஒரே மனோரஞ்சிதப் பூவைப் பறித்து அவளிடம் கொடுத்தார். “மொதப் பூவு. எந்தப் பழத்த நெனைக்கறமோ அந்த வாசம் வருமாம். நெனச்சுப் பாரம்மிணி.”

பூவைக் கையில் வைத்துக்கொண்டு வசந்தாமணி மண்ணிடம் குனிந்தாள். அவள் பார்வை மட்டும் கொடிப்பக்கம் இருந்தது. காய்ந்த துணி எடுக்க வந்த ஜெயப்பிரியா அங்கே நின்றிருந்தாள்.

ஜெயப்பிரியாவின் முகம் சும்மா இருந்தது. இல்லை என்று சொல்ல வசந்தாமணி வாயெடுத்தாள்.

அந்த நேரம் பார்த்து ஜெயப்பிரியாவின் மூக்கு சுருங்கியது.

வசந்தாமணியின் முந்தானை மூக்குக்குப் போனது.

“அய்ய, கொடலப் பொரட்டுது! மனுசன் நிப்பானா இங்க?”

“கேட்டுக்கிட்டீங்களாங்ணா?” என்றார் கருப்பண்ணன். “நாளைக்கு வண்டி அனுப்பறேன். எல்லாத்தையும் எறக்கிருங்க.”

சென்னிமலையின் கை நீட்டியபடியே நின்றது.

“ஏனுங் பெரீம்மா, பால் தீயற வாசம் வருதே, உங்களுக்கு வரலீங்களா?” என்றாள் ஜெயப்பிரியா. “உங்க ஊட்டுப் பக்கந்தான்.”

கருப்பண்ணனின் மூக்குக்கே அது எட்டிவிட்டது. அவரும் திரும்பினார். வசந்தாமணி மட்டும் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல், முந்தானையை எடுக்கவும் தோன்றாமல் நின்றாள்.

சென்னிமலை அவள் முகத்தையே பார்த்தார். பிறகு மண்ணைத் தொட்டியில் போட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

“அதத்தானுங்க அம்மிணி சொன்னது,” என்றார் கருப்பண்ணனிடம். “நமக்கெல்லாம் இப்பத்தான் எட்டுது. அந்த மூக்கு மொதல்லயே புடிச்சிருச்சு.”

“அட! அப்ப எரு நாறலியா?”

“எருவுல ஒண்ணுமில்லீங்க,” என்று சொல்லும்போதே வசந்தாமணி பாதிப்படி இறங்கியிருந்தாள்.

சமையலறை முழுக்கப் புகை. பாத்திரத்தின் அடி கரி. அடுப்பை அணைத்துவிட்டு, கையில் கசங்கியிருந்த பூவை மூக்கருகே கொண்டுபோனாள். பலாப்பழத்தை நினைத்தாள். வரவில்லை. மாம்பழத்தை நினைத்தாள்.

முன்பு வந்த ஒரு காய்ச்சலோடு போன மோப்பம் போனதுதான், திரும்பவேயில்லை.

மறுநாள் காலை அவள் வாசலில் ஒரு தொட்டி இருந்தது. ஓர் இலைகூடத் தெரியாத அளவுக்கு ரோஸ் நிறக் காகிதப்பூ. வைத்தது யார் என்று விசாரிக்க வேண்டியதில்லை, விளிம்பில் மட்கிய எரு சிந்தியிருந்தது.

வேறொரு நாளாக இருந்தால், மணமே இல்லாத பூவை ஒரு மனுஷன் கொடுப்பானா என்று மதியத்துக்குள் தெரு முழுக்கக் கேட்டு முடித்திருப்பாள்.

வசந்தாமணி தொட்டியை வெயில் நன்றாக விழும் பக்கம் நகர்த்தி வைத்தாள். அன்றைக்கு யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.