அலுமாரிக்குள் இருந்த தடித்த கைடு

இது நான் நேரில் கண்டதில்லை. நல்லமுத்துவின் தங்கை நாகலெட்சுமி என் அக்காவிடம் சொல்லி, அக்கா எனக்குச் சொன்னது.

நல்லமுத்து எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணியவன். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற வேலை, அதுவும் தற்காலிகம். மனசு முழுக்க இராணுவ அதிகாரிகளுக்கான தகுதிப் பரீட்சையில் இருந்தது. இந்த வருஷம் விட்டால் வயது தாண்டிவிடும். விண்ணப்பத்துக்கு மாதக் கடைசிதான் கெடு.

அதற்கு ஹட்டனில் கைடு விற்பவர் புத்தகக்கடை ஸுஹைர் நானா ஒருவர்தான். விண்ணப்பப் படிவமும் கைடின் பின்னட்டையோடு சேர்த்துத் தைத்திருக்கும். வெட்டி, நிரப்பி அனுப்ப வேண்டியதுதான்.

முதல் ஞாயிறு நானா ஒரு மெல்லிய கைடை எடுத்துப் போட்டார். அவன் நாலு பக்கம் புரட்டுவதற்குள் அவரே அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"இது பழைய பாடம் தம்பி. படிச்சா ஃபெயில்தான். இதுல படிவமும் இல்ல. தடிச்சது ஒண்ணு வருது, அதை வாங்குங்க."

அடுத்த வாரப் பார்சலில் வந்துவிடும் என்றார். பேச்சோடு பேச்சாக, இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டதா என்றும் விசாரித்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதிலேயே அப்பா எழுதிப் போட்டாராம், வருஷங்கள் போயும் பதிலில்லை என்றான் நல்லமுத்து. உள்ளதை உள்ளபடி படிவத்தில் எழுதிவிடப் போவதாகவும் சொன்னான். நானா தலையை மட்டும் ஆட்டினார்.

அடுத்த ஞாயிறு, ரயில் பாதையில் மண் சரிந்ததால் பார்சல் வரவில்லை என்றார். அதற்கடுத்த ஞாயிறு பார்சல் வந்திருந்தது. அதில் பள்ளிக்கூடக் கொப்பிகள்தாம் இருந்தன. கண்டிக்குப் போய்ப் பார்க்கட்டுமா என்று கேட்டான். தானே ஆள் விட்டுக் கேட்டதாகவும், அங்கேயும் தீர்ந்துவிட்டதாகவும் சொல்லிவிட்டார்.

பக்கத்துத் தையல்கடை செல்லசாமி தலையை வெளியே நீட்டினார்.

"என்ன கேப்டன், இன்னைக்கும் வெறுங்கையா? தெனம் விடியக்காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்களத்துல வரிசையா நிக்கிறீங்களே, அது பத்தாதுன்னா ஆர்மிக்குப் போறீங்க?"

வீட்டில் நல்லமுத்து நாட்காட்டியைப் பார்ப்பதும் வாசலுக்கு வருவதுமாக இருந்தான். வேலையிலும் கவனமில்லை. வேலாயி பறித்த கொழுந்தை வேறொருத்தி பேரில் எழுதிவிட்டான். அவள் விடுவாளா?

"ஆபீசர் ஐயா, என் கொழுந்தத் தூக்கி யாருக்குங்க குடுத்தீங்க?"

மாதத்தின் கடைசி ஞாயிறு அவன் கடைக்குள் கால் வைத்தபோது, அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்த சிங்கள மகத்தயாவின் மகன் நின்றுகொண்டிருந்தான். நானா அந்தத் தடித்த கைடைத் தாளில் சுற்றி அவன் கையில் கொடுத்தார். எந்தப் பாடத்தை முதலில் படிக்க வேண்டும் என்று சிங்களத்தில் பக்குவமாகச் சொல்லியும் அனுப்பினார்.

பின்னால் கண்ணாடி அலுமாரி திறந்தபடி கிடந்தது. உள்ளே இன்னொரு கைடு. அதே தடிப்பு.

நல்லமுத்து கையை நீட்டினான். நானா அலுமாரியைச் சாத்திப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அது வித்துப்போச்சு தம்பி."

"யாருக்கு?"

"வித்துப்போச்சு."

நல்லமுத்து குரலை உயர்த்தினான்.

"ஒரு மாசமா என்னை அலைய விட்டீங்க. அவருக்கு மட்டும் கேட்ட உடனே கெடைக்குது. தோட்டத்து லயத்துல பொறந்தவன் ஆபீசரானா உங்களுக்கு என்னங்க நட்டம்?"

தையல் மிஷின் சத்தம் நின்றுவிட்டது. நானா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நல்லா ஏசிட்டுப் போங்க. இங்கேருந்து உங்க வீட்டுக்குத்தானே போறீங்க."

கெடு முடிந்தது. வயதும் தாண்டியது. நல்லமுத்து அந்தக் கடைப் பக்கம் மறுபடி போகவில்லை. ஸுஹைர் கடையில் இனிமேல் ஒரு பென்சில்கூட வாங்கக் கூடாது என்று லயத்தில் எல்லோரிடமும் சொல்லிவைத்தான்.

நாகலெட்சுமி கோபமாகச் சொன்ன கதை இவ்வளவுதான். அக்காவும் அதே கோபத்தோடுதான் எனக்குச் சொன்னாள். எழுத உட்கார்ந்த எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு ஒருவரை மோசமானவர் என்று எப்படி எழுதுவது? ஹட்டனுக்குப் போய் விசாரித்தேன்.

நானாவின் மனைவி றுக்கையாதான் பேசினார். அவர்களும் இந்தியாவிலிருந்து வந்து கடை போட்ட குடும்பம். ஒரே மகன் பிறந்தது ஹட்டனில். அவனுக்கும் பிரஜாவுரிமை வரவில்லை. நல்லமுத்து கைடு கேட்டு வருவதற்கு இரண்டு வருஷம் முந்தி, அதே தடித்த கைடில் இருந்த படிவத்தில் அவனும் உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினான். இராணுவத்திலிருந்து பதில் வரவில்லை. ஒரு ஜீப் வந்தது. களவாக வந்து குடியேறிய கள்ளத்தோணி என்று பிடித்துக்கொண்டு போய், தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள்.

இதை நல்லமுத்துவிடம் நேராகவே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"மகன் பேரைச் சொன்னாலே அவங்களுக்குப் பேச்சு வராதுங்க."

ஒன்றை மட்டும் அந்த அம்மாவிடம் திரும்பக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். மெல்லியது வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, அந்தத் தடித்த கைடை மகனுக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர் நானாதான்.